அபராதத்துக்கு ஒரு பட்ஜெட்

"அபராதம் வந்தா கட்டிக்கலாம், முதல்ல மார்க்கெட்டைப் பிடிப்போம்." ஸ்டார்ட்அப் ஆட்களோடு கணக்கு வழக்குப் பார்க்கிற எவருக்கும் இந்தப் பேச்சு பழக்கம். நான் ஆடிட்டர். சென்னையில் சில இளம் நிறுவனங்களின் புத்தகங்கள் என் மேஜைக்கு வருகின்றன. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஊபரில்தான் வந்து நிற்கும். "ஊபர் என்ன பர்மிஷன் வாங்கிக்கிட்டா சார் ஆரம்பிச்சாங்க?" என்பார்கள். போர்டு மீட்டிங்கில் இதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பணக் கணக்காக மட்டும் பார்த்தால் ஊபர் போட்ட கணக்கு பலித்தது. 2010 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரப் போக்குவரத்து நிர்வாகமும் கலிஃபோர்னியா மாநிலத்தின் பொதுச் சேவை ஆணையமும் சேவையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தன. அப்போது கம்பெனியின் பெயர் ஊபர்கேப். பெயரிலிருந்து 'கேப்' போனது, வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2012 நவம்பரில் அதே ஆணையம் ஊபர், அதன் போட்டி நிறுவனங்களான லிஃப்ட், சைட்கார் மூன்றுக்கும் தலா 20,000 டாலர் அபராதம் விதித்தது. ஒரு வருடம்கூட முடியவில்லை. 2013 செப்டம்பரில் அதே ஆணையம் செயலி வழியாக ஓடும் வண்டிகளுக்கென்று புதிதாக ஒரு வகையையே உருவாக்கி அனுமதி கொடுத்தது. அந்தச் சமயத்தில் ஊபரின் மதிப்பு ஏறக்குறைய 350 கோடி டாலர். அடுத்த ஜூனில் 1,700 கோடி.

பெரிய அபராதங்களும் வந்தன. 2014இல் பிட்ஸ்பர்க் பகுதியில் அனுமதி இல்லாமல் ஓட்டியதற்காக பென்சில்வேனியா ஆணையத்தின் நீதிபதிகள் ஏறக்குறைய 5 கோடி டாலர் பரிந்துரைத்தார்கள். ஆணையம் அதை 1.14 கோடியாகக் குறைத்து 2016 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அமெரிக்காவில் அன்றைக்கு அது பெரிய செய்தி. ஆனால் அதே ஆண்டு ஜூனில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் ஊபருக்குக் கொடுத்தது 350 கோடி டாலர். வந்த பணத்தில் ஆயிரத்துக்கு மூன்று டாலர் சொச்சம்தான் அந்த அபராதம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தப்பு நடந்தது 2014இல், உத்தரவு வந்தது 2016இல். நடுவிலிருந்த இரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் வந்துவிட்டார், டிரைவர் வந்துவிட்டார், ஃபண்டிங்கும் இன்னும் பெரிய தொகைக்கு வந்துவிட்டது. வேகமாக வளரும் கம்பெனிக்கு இரண்டு வருடம் என்பது வட்டியில்லாக் கடன் மாதிரி. அன்றைக்குச் சம்பாதித்த இடத்துக்கு, பத்து மடங்கு பெரிய கம்பெனியாக வளர்ந்தபின் பணம் கட்டினால் போதும். அதையும் நிறுவனர் தன் கையிலிருந்து கட்டப்போவதில்லை. முதலீட்டாளர் பணம்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கணக்குப் போடத் தெரியாதவர்கள் இல்லை. அபராதத் தொகை என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், அதுதான் சிக்கல். இந்த விஷயத்தில் பார்க்க வேண்டிய எண்களில் கடைசியில் வருவது அது.

சைட்காரை எடுத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் தன் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டலாம் என்பதை 2012இல் முதலில் செய்து காட்டியவர்களில் அவர்கள் இருந்தார்கள். ஊபர் அந்தக் கட்டத்தில் லைசென்ஸ் உள்ள வண்டிகளோடுதான் நின்றிருந்தது. போட்டியாளர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார்கள், அரசு தடுக்கவில்லை, இனி நாங்களும் இறங்குகிறோம் என்று ஊபர் வெளிப்படையாக அறிவித்தது 2013 ஏப்ரலில். அதாவது, சொந்தக் கார் விஷயத்தில் விதியை முதலில் மீறியவர் முந்தவில்லை. அதே 20,000 டாலர் அபராதத்துக்கு ஆளான சைட்கார் 2015 டிசம்பர் கடைசியில் சேவையை மூடிவிட்டது. மூன்று பேரும் மீறினார்கள். ஒருவரிடம் மலைபோல் பணம் இருந்தது. விதிமீறல்தான் ஊபரை ஊபராக்கியது என்று சொல்பவர்கள் சைட்காரை யோசித்துப் பார்ப்பதே இல்லை.

அந்த நிறுவனங்கள் மோதிய ஆட்கள் யார் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் டாக்சி விதிகள் ஊருக்கு ஊர் வேறு. ஊபர் எதிர்த்து நின்றது பெரும்பாலும் நகராட்சிகளை. அந்த நகராட்சியைத் தேர்ந்தெடுக்கிற வாக்காளர்தான் ஊபரில் ஏறும் பயணியும். 2015 ஜூலையில் நியூயார்க் மேயர் டி பிளாசியோ ஊபர் வண்டிகளுக்கு வரம்பு கொண்டுவரப் பார்த்தபோது, செயலியிலேயே அவர் பெயரில் ஒரு காட்சியைச் சேர்த்தார்கள். அதைத் தொட்டால், இந்தச் சட்டம் வந்தால் வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று காட்டும். மேயர் பின்வாங்கினார். வரம்பு கடைசியில் வந்தது 2018 ஆகஸ்டில். அந்த மூன்று வருடத்தில் நியூயார்க் தெருக்களை ஊபர் நிரப்பிவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பெருங்குடியில் அலுவலகம் வைத்திருக்கிற ஒரு இளைஞர் தன் ஐந்தாண்டுத் திட்டத்தை எக்செலில் கொண்டுவந்து காட்டினார். வாடிக்கையாளரின் பணத்தைத் தன் செயலியிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கடைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம். அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும் என்று ஒத்திப்போட்டிருந்தார். எக்செலில் சம்பளத்துக்கும் சர்வர் வாடகைக்கும் கீழே 'ரெகுலேட்டரி' என்று ஒரு வரி. மூன்றாம் ஆண்டில் இரண்டு கோடி ரூபாய்.

"இந்த ரெண்டு கோடி எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"அபராதம் வந்தா கட்டறதுக்கு சார். பேடிஎம் பேங்குக்கே அஞ்சரைக் கோடிக்கு உள்ளதான் போட்டாங்க. நாங்க சின்ன ஆளு, ரெண்டு கோடியே ஜாஸ்தி."

அவர் சொன்ன தொகை சரி. 2023 அக்டோபரில் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி விதித்த அபராதம் 5.39 கோடி ரூபாய். வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்ப்பது உள்ளிட்ட விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்பது காரணம். 2021 அக்டோபரில் ஒரு கோடி விதித்திருந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததையும் பிறகு நடந்ததையும் அவர் எக்செலில் சேர்க்கவில்லை. 2022 மார்ச்சில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்திருந்தது. 2024 ஜனவரி 31 அன்று அடுத்த உத்தரவு வந்தது. பிப்ரவரி 29க்குப் பிறகு வாடிக்கையாளர் கணக்கிலோ வாலெட்டிலோ பணம் வாங்கக் கூடாது. பிறகு அந்தக் கெடு மார்ச் 15 வரை நீண்டது. பேடிஎம் செயலியை நடத்தும் ஒன்97 நிறுவனத்தின் பங்கு அடுத்த இரண்டு வர்த்தக நாளிலும் தலா 20 சதவீதம் விழுந்தது. ஆண்டு லாபத்தில் 300 முதல் 500 கோடி ரூபாய் வரை அடிபடலாம் என்று நிறுவனமே சொன்னது.

5.39 கோடியை அந்தத் தப்பின் விலை என்று படித்ததில்தான் அவருக்குப் பிழை நேர்ந்தது. அது எச்சரிக்கை. ரிசர்வ் வங்கி நகராட்சி இல்லை. அதன் கவர்னரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, செயலியில் பொத்தான் வைத்து அவரை நெருக்க முடியாது. நாடு முழுக்க ஒரே ஆணையம், அதன் கையில் ஒரே குழாய். மூடினால் மூடியதுதான். கடன், காப்பீடு, மருந்து, வங்கி என்று உரிமத்தின் மேல் நிற்கிற எந்தத் தொழிலிலும் அபராதத்துக்கு பட்ஜெட் போடுகிறவர், உரிமமே போனால் என்ன ஆகும் என்ற வரியையும் போட வேண்டும். அந்த வரியைப் போட்டுப் பார்த்தால் திட்டம் பெரும்பாலும் நிற்காது.

அமெரிக்காவில் ஜெனஃபிட்ஸ் கதையும் இதுதான். சிறு நிறுவனங்களுக்கு மனிதவள மென்பொருளை இலவசமாகக் கொடுத்து, அதன் வழியாக மருத்துவக் காப்பீடு விற்று கமிஷன் வாங்கிய கம்பெனி. 2015 மே மாதம் 50 கோடி டாலர் திரட்டியபோது அதன் மதிப்பு 450 கோடி. காப்பீடு விற்க உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் அதற்கு 52 மணி நேரம் ஆன்லைனில் படித்திருக்க வேண்டும். ஊழியர்கள் படிக்காமலே, படிப்பதுபோல நேரம் ஓடிக்கொண்டிருக்க ஒரு சின்ன நிரல் இருந்தது. அதை எழுதியவர் நிறுவனர் பார்க்கர் கான்ராட். 2016 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். கலிஃபோர்னியா கடைசியில் விதித்தது 70 லட்சம் டாலர், அதிலும் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் மதிப்பு 200 கோடியாகச் சரிந்திருந்தது. அந்த பிப்ரவரியில் 250 பேருக்கு வேலை போனது, அடுத்த பிப்ரவரியில் 430 பேருக்கு. கான்ராட் ரிப்ளிங் என்ற பெரிய கம்பெனியைக் கட்டி எழுந்துவிட்டார். வேலை போனவர்களில் பலர் காப்பீடு விற்கிற சாதாரண ஊழியர்கள். அந்த நிரலைப் பற்றி யாரும் அவர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தவில்லை.

இங்கே ஒரு கோட்டைக் கவனிக்க வேண்டும். இந்த விதி காலாவதியாகிவிட்டது, இதை எதிர்க்கிறேன் என்று பகிரங்கமாக மீறி, நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது ஒன்று. மீறியதை மறைப்பது வேறு. முதலாவதில் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது. போர்ட்லாந்து நகரில் 2014 டிசம்பரில் ஊபர் அனுமதியில்லாமல் இறங்கியது, நகரம் வழக்குப் போட்டது, இரண்டு வாரத்துக்குள் ஊபர் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டது, அடுத்த வசந்தத்தில் நகரம் அனுமதி கொடுத்தது. அது ஒரு விதம். ஆனால் அதே போர்ட்லாந்தில், வண்டிகளைப் பிடிக்க வந்த அதிகாரிகளின் செயலியில் இல்லாத கார்கள் ஓடுவதுபோலப் பொய்ப் படம் காட்டினார்கள். கிரேபால் என்று அதற்குப் பெயர். அரசு அலுவலகத்தைச் சுற்றி யார் அடிக்கடி செயலியைத் திறந்து மூடுகிறார், யாருடைய கிரெடிட் கார்டு போலீஸ் கூட்டுறவுக் கடன் சங்கத்துடையது, இந்த மாதிரிச் சோதனைக்கு வாங்குகிற மலிவு போன் எந்த மாடல் என்று பார்த்து ஆளை அடையாளம் கண்டார்கள். 2017 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. அந்த ஜூனில் டிராவிஸ் காலனிக் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். வேறு பல விவகாரங்களும் அதற்குச் சேர்ந்துதான் காரணம், ஆனால் இதுவும் ஒன்று.

மறைத்ததற்கு இன்னொரு கணக்கு. 2016இல் 5.7 கோடிப் பேரின் விவரங்களை ஊபரிடமிருந்து திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாயை அடைத்தார்கள். ஒரு வருடம் கழித்து வெளியே வந்தது. 2018 செப்டம்பரில் 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் சேர்த்துக் கட்டியது 14.8 கோடி டாலர். பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் குற்றவாளி என்று 2022இல் தீர்ப்பானது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு, சிறைக்குப் போகாமல் விடப்பட்டார். கம்பெனி கட்டிய பணம் கம்பெனியினுடையது, குற்றப் பதிவோ அந்த ஒரு மனிதனுடையது. போர்டில் உட்கார்ந்து 'ரிஸ்க் எடுக்கலாம்' என்று சொல்கிற முதலீட்டாளர் அந்தக் கூண்டில் வந்து நிற்க மாட்டார்.

ஆடிட்டர் என்ற முறையில் வரிக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். அபராதத்தைப் பேச்சில் 'பிசினஸ் செலவு' என்று சொல்லிக்கொள்ளலாம், வருமான வரிக் கணக்கில் சொல்ல முடியாது. சட்டம் தடுத்த காரியத்துக்கான செலவைக் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. வழக்கைச் சமரசமாக முடித்துக் கொடுத்த பணத்துக்கு அப்படி இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். செபி சட்டம், போட்டிச் சட்டம் போன்றவற்றில் அந்த வழியும் 2024 பட்ஜெட்டோடு அடைபட்டது. லாபம் பார்க்கிற கம்பெனிக்கு இது உறைக்கும். நஷ்டத்தில் ஓடுகிற ஸ்டார்ட்அப்புக்கு இந்த ஆண்டு வரியே இல்லை, அதனால் இந்தத் தடுப்பு அன்றைக்கு எதையும் தடுக்காது. விற்பனையில் சதவீதம் என்று விதிக்கும் அபராதங்களும் அப்படித்தான். விற்பனை சின்னதாக இருக்கும் காலத்தில்தானே ஸ்டார்ட்அப் தப்புச் செய்கிறது? அந்த ஓட்டையை அடைப்பதுபோல ஐரோப்பியத் தரவுச் சட்டத்தில் உலகளாவிய விற்பனையில் 4 சதவீதம் அல்லது 2 கோடி யூரோ, எது அதிகமோ அதுவரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். நம்முடைய 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தொகை தெரிந்துவிட்டால் எக்செலில் ஒரு வரியாகப் போட்டுவிடலாம். பெரிய கம்பெனிக்கு அது வசதி. இப்படி உச்சவரம்பு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

2025இல் இந்த விவாதத்துக்குப் புதிய உதாரணம் ஒன்று கிடைத்தது. ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் திருட்டு நூலகத் தளங்களிலிருந்து எழுபது லட்சத்துக்கும் மேலான புத்தகப் பிரதிகளை இறக்கி வைத்திருந்தது. எழுத்தாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஜூன் மாதம் நீதிபதி வில்லியம் ஆல்சப், காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை வைத்து மாடலைப் பழக்குவது நியாயமான பயன்பாடு, திருட்டுப் பிரதிகளை நூலகமாகச் சேர்த்து வைத்தது அப்படியல்ல என்று தீர்ப்புச் சொன்னார்.  செப்டம்பரில் ஆந்த்ரோபிக் 150 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, ஒரு புத்தகத்துக்கு ஏறக்குறைய 3,000 டாலர். அதே மாதம் அவர்கள் திரட்டியது 1,300 கோடி, மதிப்பு 18,300 கோடி டாலர்.

"பாத்தீங்களா சார், கட்டிட்டுப் போயிட்டே இருக்காங்க" என்று மறுநாளே எனக்கு வாட்ஸ்அப் வந்தது. ஆனால் சட்டபூர்வமான வழி அங்கே பூட்டிக் கிடக்கவில்லை. கடையில் வாங்கினால் முப்பது நாற்பது டாலர் ஆகும் புத்தகத்துக்கு 3,000 கொடுத்திருக்கிறார்கள். அந்த நிறுவனமே பின்னால் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி ஸ்கேன் செய்தது. வேகமாகப் பணம் திரட்ட முடிந்ததால் அந்தத் தொகையைத் தாங்க முடிந்தது. அந்த ஃபண்டிங் வராமல் போயிருந்தால்? என்னிடம் வருகிறவர்களில் யாருக்கும் அப்படி ஒரு ரவுண்டு வரப்போவதில்லை. அந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் தொகை இல்லை. பணம் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் போகிறது. அமெரிக்காவில் ஊபருக்கு விதித்த அபராதங்கள் அரசுகளின் கஜானாவுக்குப் போயின. நியூயார்க்கில் டாக்சி ஓட்டும் உரிமமான மெடாலியனின் விலை 2014இல் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. நான்கு வருடத்தில் இரண்டு லட்சத்துக்குக் கீழே போனது. கடன் வாங்கி மெடாலியன் வாங்கியவர்களில் வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தானிலிருந்து போய்ச் சம்பாதித்தவர்கள் ஏராளம். விலையை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டுக் கடன் கொடுத்தவர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு, பழியை ஊபர் மீது மட்டும் போட முடியாது. 2018இல் அடுத்தடுத்துப் பல டிரைவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021இல் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் நகரம் கடனைக் குறைக்க ஒப்புக்கொண்டது. ஊபர் கட்டிய எந்த அபராதமும் அந்தக் கடனில் ஒரு டாலரைக்கூடக் குறைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி நடந்தது. எட்டாயிரத்துக்கும் அதிகமான டாக்சி, வாடகைக் கார்க்காரர்கள் 2019இல் ஒன்றாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் ஊபர் 27.18 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஒத்துக்கொண்டது. தாமதம்தான், வக்கீல் செலவு போகத்தான் கையில் கிடைக்கும். இருந்தாலும் அடிபட்டவன் வீட்டுக்குப் போகிற பணம் அது. 20,000 டாலர் அபராதத்தைப் பார்த்துச் சிரிக்கிற நிறுவனர், தான் நஷ்டப்படுத்திய எட்டாயிரம் பேரும் ஒருநாள் கூடி வருவார்கள் என்று தெரிந்தால் திட்டத்தை இன்னொரு தடவை படித்துப் பார்ப்பார்.

நம் ஊரில் இது தலைகீழாக இருக்கிறது. சென்னையில் 2019இல் பைக் டாக்சிகளைப் போலீஸ் பிடித்தபோது பறிமுதலானவை ஓட்டியவர்களின் சொந்த வண்டிகள். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதற்கான வழக்கில் முதலில் மாட்டுவதும் ஓட்டுநர்தான். காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடும் நேரத்தில் ஓட்டும் பையன், இரவு ஷிப்டுக்குப் பிறகு ஓட்டும் குடும்பஸ்தன். ஸ்டேஷன் வாசலில் வண்டி நிற்கும், வீட்டில் தவணை ஓடும். செயலியில் அடுத்த வண்டி காட்டும். அமெரிக்காவில் பல ஊர்களில் ஊபர் தன் டிரைவர்களுக்கு வந்த அபராதத்தைத் தானே கட்டியது. அந்த அளவு பொறுப்பைக்கூட இங்கே யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை.

2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, சொந்த பைக்கைச் செயலி வழியாக வாடகைக்கு ஓட்ட மாநிலங்கள் அனுமதி கொடுக்கலாம். ஒவ்வொரு மாநிலமும் தன் விதியை எழுதும்போது, செயலி நடத்துகிற கம்பெனியின் மீறலுக்காக வண்டி பிடிபட்டால் வண்டியை மீட்கிற செலவையும் அத்தனை நாள் வருமானத்தையும் கம்பெனிதான் ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டும் என்று சேர்க்கட்டும். அதன் பிறகு எந்த நிறுவனர் வேண்டுமானாலும் என்னிடம் எக்செலைக் கொண்டு வரட்டும். அந்தத் தொகையையும் போட்டு, உரிமம் போனால் என்ன என்பதையும் போட்டு, யார் பெயரில் கேஸ் வரும் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.